தேருக்கு ஊர், சாம்பிளுக்கு இருவர்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் காலை வேளையில் சாலையைக் கம்பெனி பஸ்கள் எடுத்துக்கொள்ளும். சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பஸ்கள் அவை. கம்பெனிக்குள் வேலை லைனாக ஓடும். கிளிக்கிங் பிரிவில் தோலைத் துண்டுகளாக வெட்டுவார்கள். ஸ்கைவிங்கில் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவார்கள். ஒட்டி, மடித்து, தைத்தால் 'அப்பர்' தயார். அதைப் பாத வடிவ அச்சான லாஸ்டின் மேல் இழுத்துப் பொருத்தி, அடியில் சோல் ஒட்டுவார்கள். கடைக்குப் போவதற்குள் ஒரு ஜோடி ஷூ எத்தனையோ கைகள் மாறிவிடும்.

அதே கம்பெனியில் சாம்பிள் ரூம் என்று ஓர் அறை இருக்கும். இதுவரை இல்லாத ஒரு ஷூ முதன்முதலாக உருவாவது அங்கேதான். வெளிநாட்டு பையர் அனுப்பிய படம், அல்லது வெறும் யோசனை, அங்கே ஒரு ஜோடியாக மாற வேண்டும். பேட்டர்ன் போடுகிறவர் ஒருவர், தைத்துப் பார்ப்பவர் ஓரிருவர், அவ்வளவுதான். ஆர்டர் நெருக்கும்போது தையல் பிரிவில் பத்து மெஷினும் பத்து ஆளும் கூட்டினால் ஜோடிக் கணக்கு ஏறும். பேட்டர்ன் மேசையைச் சுற்றிப் பத்துப் பேரை நிறுத்தினால் பேட்டர்ன் பத்து மடங்கு சீக்கிரம் வருவதில்லை. சில சமயம் வருவதே இல்லை.

பழமொழிகள் இதில் இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்கிறது ஒன்று. ஆள் கூடினால் பாம்பு சாகாது என்கிறது மற்றொன்று. பழமொழிக்கு எந்தக் கட்சிக்கும் வாதாடும் வசதி உண்டு. ஆய்வாளர்களுக்கு அந்த வசதி கிடையாது, எந்த வேலையில் எது உண்மை என்று அவர்கள் அளந்து காட்டியாக வேண்டும். அந்த அளவெடுப்பு ஏறக்குறைய தேர் இழுப்பதிலேயே தொடங்கியது என்பது வேடிக்கை.

பிரான்சில் மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற வேளாண்மைப் பொறியாளர் 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு, இழுவிசையை அளந்தார். மனித மனத்தைப் பற்றியெல்லாம் அவர் கவலைப்படவில்லை. பண்ணை வேலைக்கு மாடு, மனிதன், இயந்திரம் எது எவ்வளவு இழுக்கும் என்பதே அவர் கேள்வி. 1913இல் வெளியான அவர் கணக்கு இது: ஒருவர் தனியாக இழுக்கும் பலத்தை 100 என்று வைத்தால், இருவர் சேரும்போது ஆளுக்கு 93, மூவர் சேரும்போது 85, எட்டுப் பேர் சேரும்போது 49. எட்டுப் பேர் பிடித்த கயிற்றில் நான்கு பேரின் பலம்கூட முழுதாக இல்லை.

மிச்ச பலம் எங்கே போனது? இரண்டு விதமாகச் சந்தேகப்படலாம். எட்டுப் பேரும் ஒரே நொடியில், ஒரே திசையில் இழுப்பது கடினம், ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் இழுப்பார். இது ஒருங்கிணைவில் வரும் இழப்பு. அல்லது, மற்றவர்கள் இழுக்கிறார்களே என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் கையைத் தளர்த்தலாம். இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடப்பதை எப்படிப் பிரிப்பது? 1974இல் ஆலன் இங்காமும் கூட்டாளிகளும் அழகான ஒரு தந்திரம் செய்தார்கள். சோதனைக்கு வந்தவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்வரிசையில் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் ஆய்வாளர்களின் ஆட்கள். முக்கினார்கள், முனகினார்கள், ஆனால் இழுக்கவில்லை. உண்மையில் இழுத்தவர் ஒரே ஆள் என்பதால் ஒருங்கிணைவுப் பிரச்சினைக்கே இடமில்லை. அப்படியும், பின்னால் ஆள் இருப்பதாக நம்பியவரின் இழுவை குறைந்தது. ஐந்தாண்டு கழித்து பிப் லதானே குழுவினர் கைதட்டலையும் கூச்சலையும் வைத்து இதையே காட்டினார்கள். இதைக் கூட்டு மெத்தனம் என்று சொல்லலாம். ஒவ்வொருவரின் பங்கும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்துவிட்டால் மெத்தனம் மறைந்துவிடுகிறது என்பதும் தொடர்ந்து வந்த சோதனைகளில் தெரிந்தது. ஷூ கம்பெனி லைனில் சூப்பர்வைசர் ஒவ்வொரு மெஷினுக்கும் மணிக்கணக்கில் எண்ணிக்கை எழுதுவது எதற்கு என்று இப்போது புரியும். அந்த எண்ணிக்கை ஒரு பெண்ணின் முதுகை என்ன செய்கிறது என்பது வேறு கட்டுரைக்கான கேள்வி.

எப்படியானாலும் தேருக்கு இது பெரிய குறை இல்லை. ஆளுக்குப் பாதி பலமே வந்தாலும், நூறு பேர் வடம் பிடித்தால் ஐம்பது பேரின் பலம் கிடைக்கிறது, தேர் நிலைக்கு வந்து சேர்கிறது. பலம் கூட்டலுக்கு உட்பட்டது. யோசனையும் அப்படிக் கூடுமா?

கூடும், பெருகவே செய்யும் என்று அடித்துச் சொன்னவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனக்காரர். நாலு பேர் உட்கார்ந்து, யாரும் யாரையும் குறை சொல்லாமல், மனதில் பட்டதையெல்லாம் கொட்டுவது அவர் பரப்பிய முறை. 1953இல் அவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு உலகமெங்கும் அலுவலகங்களில் அது வழக்கமாகிவிட்டது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் என்ற மூவர் அதைச் சோதித்தார்கள். மாணவர்களில் 48 பேரை நால்வர் நால்வராகப் பன்னிரண்டு குழுக்களாக உட்காரவைத்தார்கள். இன்னொரு 48 பேரைத் தனித்தனியே உட்காரவைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள். அதில் ஒன்று: இனிப் பிறக்கும் குழந்தைகளுக்குக் கையில் ஒரு கட்டைவிரல் கூடுதலாக இருந்தால் என்னென்ன நன்மை, என்னென்ன தொல்லை?

எப்படி ஒப்பிட்டார்கள் என்பதில்தான் சாமர்த்தியம். நால்வர் குழுவை ஒரு தனியாளோடு ஒப்பிட்டால் குழுதான் ஜெயிக்கும், அதில் ஒன்றும் தெரியவராது. அதனால் தனியே யோசித்தவர்களில் நான்கு பேரின் தாள்களை எடுத்து, ஒரே யோசனை இரண்டு தாளில் இருந்தால் ஒன்றாகக் கணக்கிட்டு, காகிதத்தில் மட்டுமே சேர்ந்த ஒரு குழுவை உண்டாக்கினார்கள். இதைப் பெயரளவுக் குழு என்று அழைப்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இந்தக் குழு, சேர்ந்து உட்கார்ந்த குழுவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனைகளைத் தந்திருந்தது.

காரணம் வெட்கமா, மெத்தனமா, வேறு ஏதாவதா என்று பிறகு முப்பது வருஷம் ஆராய்ச்சி நடந்தது. 1987இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் மைக்கேல் டீலும் வொல்ஃப்காங் ஸ்ட்ரோபும் ஒவ்வொரு சந்தேகத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார்கள். அதில் ஒரு சோதனை முக்கியம். ஆட்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, சாலைச் சிக்னல் மாதிரி விளக்குகள் வைத்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பேச அனுமதி. மற்ற அறைகளில் என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காத ஏற்பாட்டிலும், வெறுமனே முறைக்குக் காத்திருந்ததாலேயே யோசனைகளின் எண்ணிக்கை சரிந்தது. வெட்கத்துக்கும் மெத்தனத்துக்கும் சின்னப் பங்குதான். கூட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்கிற சாதாரண விஷயமே பெரிய குற்றவாளி.

இதை எண்ணத் தேக்கம் எனலாம். நம் தற்காலிக நினைவு மிகச் சிறியது. ஒரு யோசனை வந்ததும், நம் முறை வரும்வரை அதை மறக்காமல் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அந்த நேரத்தில் அடுத்த யோசனை பிறப்பதில்லை. முறை வருவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டால் வைத்திருந்ததையும் விட்டுவிடுகிறோம். இத்தனைக்கும், சேர்ந்து யோசித்தவர்களைக் கேட்டால் நன்றாக யோசித்தோம் என்றே திருப்தியோடு சொல்கிறார்கள். அறையில் கேட்ட யோசனைகளில் எது தன்னுடையது, எது பிறருடையது என்பது பிறகு குழம்பிவிடுகிறது. மீட்டிங்குகள் சாகாவரம் பெற்றிருப்பதற்கு இந்தத் திருப்தி ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே புதிதாக ஒன்றை முதன்முதலில் யோசிக்கும் கட்டத்தில் தனிமைக்கே சாதகம். சாம்பிள் ரூமில் கூட்டம் சேராததற்கு நியாயம் கிடைத்துவிட்டது. இங்கேயே நிறுத்தியிருந்தால் தனி மேதைகளைக் கும்பிடுகிறவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் தனியாளுக்கு இரண்டு விஷயங்கள் கைகூடுவதில்லை. தன் தவறு தன் கண்ணுக்குத் தெரிவதில்லை. தனக்கு என்ன தெரியாது என்பதும் தெரிவதில்லை. இரண்டுக்குமே தோல் சம்பந்தப்பட்ட நல்ல உதாரணங்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன.

முதலாவது தோலுக்குள்ளேயே இருக்கிறது. மாட்டுத் தோலையோ ஆட்டுத் தோலையோ டேனரியில் ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிரும் சதையும் நீக்கியபின் மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நார். பதனிடுவது என்றால் இந்த நார்களை ஒன்றோடொன்று கட்டிப்போடுவது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதைச் செய்தன, இன்று பெரும்பாலும் குரோமிய உப்பு. பச்சைத் தோலைச் சூடான நீரில் போட்டால் சுமார் 60 டிகிரி தாண்டியதும் சுருண்டுவிடும். குரோம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். சரியாகப் பதப்பட்டதா என்று பார்க்க டேனரிகளில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பது இதனால்தான்.

அந்த நாரின் அணு அமைப்பு எப்படி என்பது 1950களின் தொடக்கம்வரை யாருக்கும் பிடிபடவில்லை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி.என்.ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயது. அந்தச் சமயம் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.டி.பெர்னால், கொலாஜன் இன்னும் தீராத புதிர் என்று அவரிடம் சொன்னார். 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் பக்கத்திலேயே இருந்தது, கொலாஜன் மாதிரிகளுக்கு அந்த அண்டை நிறுவனம் உதவியது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், இரண்டே பேர், எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு மாதிரி கட்டத் தொடங்கினார்கள். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் என்பது அவர்களுக்குப் பிடிகொடுத்தது. தேர்வடத்தில் பல புரிகள் முறுக்கிக் கிடப்பதுபோல மூன்று சங்கிலிகள் சேர்ந்து முறுக்கினால், நடுவில் இடம் மிகக் குறுகல். அந்த இடத்தில் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஒரு கண்ணி வந்து உட்காரும், அங்கே கிளைசின் மட்டுமே பொருந்தும். 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் மூன்று சங்கிலி அமைப்பும், 1955இல் ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கம் சுழன்று மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொள்ளும் திருத்திய அமைப்பும் வெளிவந்தன.

சில வாரங்களில் கேம்பிரிட்ஜிலிருந்து எதிர்ப்பு வந்தது. டி.என்.ஏ. அமைப்பைக் கண்டுபிடித்துப் புகழின் உச்சியில் இருந்த ஃபிரான்சிஸ் கிரிக்கும், அவரோடு சேர்ந்த அலெக்சாண்டர் ரிச்சும், சென்னை அமைப்பில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்றார்கள். சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு, மூன்று கண்ணிகளுக்குச் சென்னைக் கணக்கில் இரண்டு, அவர்கள் கணக்கில் ஒன்று. மூன்று சங்கிலி முறுக்கு என்ற அடிப்படை சென்னையுடையது என்பதில் இன்று சந்தேகமில்லை. பிணைப்பு எண்ணிக்கையில் கேம்பிரிட்ஜ் சொன்னதுதான் நின்றது.

என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று யார் முடிவு செய்தது? இந்தக் கேள்வியை எதிராளி எழுப்பியிருக்காவிட்டால் ராமச்சந்திரன் தானாக அதில் இறங்கியிருப்பார் என்று சொல்ல முடியாது. சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, அதுவரை அளக்கப்பட்ட படிக அமைப்புகளில் அணுக்களுக்கு இடையே உண்மையில் இருந்த தூரங்களைத் திரட்டினார். அந்தத் தூரங்களை மீறாமல் புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று கணக்கிட்டு வரைந்த படம் 1963இல் வெளிவந்தது. இன்று உலகில் எங்கே யார் ஒரு புரத அமைப்பைத் தீர்மானித்தாலும், அது நம்பத்தக்கதா என்று பார்க்க ராமச்சந்திரன் படத்தில் இட்டுச் சரிபார்க்கிறார்கள். அதன் பிறப்பில் கிரிக்குக்கும் ரிச்சுக்கும் பங்கு உண்டு, எந்த ஊதியப் பட்டியலிலும் அவர்கள் அந்தக் குழுவில் இல்லாவிட்டாலும். குறை சொல்லாதே என்ற ஆஸ்போர்னின் விதி முதல் யோசனைக்கு ஓரளவு பொருந்தலாம், யோசனை நிலைபெற வேண்டுமானால் குறை சொல்கிறவர் வேண்டும். தன் பேட்டர்னில் இருக்கும் பிசகைப் பேட்டர்ன் போட்டவரால் பார்க்க முடிவதில்லை, லாஸ்டில் இழுத்துப் பார்ப்பவரின் கைதான் அதைக் கண்டுபிடிக்கிறது.

தனக்கு என்ன தெரியாது என்பதே தெரியாத நிலைக்கு உதாரணம் வேலூர்.

டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன் கட்டட வேலையில் தச்சும் கொத்தும் கற்றவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) அறுவைச் சிகிச்சை மருத்துவராக வந்தார். மறுவருஷம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்தவருக்கு ஆச்சரியம். பலவீனமாக இருக்கும் என்று நினைத்த பிடி இரும்பாக இருந்தது. அப்படியானால் எல்லாத் தசையும் செத்துப்போகவில்லை. எந்தத் தசை சாகிறது, எது பிழைக்கிறது என்று எலும்பு அறுவை மருத்துவர்கள் யாரும் அதுவரை வரிசையாகப் பார்க்கவில்லை. தொழுநோய் மருத்துவர்களுக்கு எலும்பும் தசைநாணும் தெரியாது, எலும்பு மருத்துவர்கள் தொழுநோயாளியைத் தொட்டதில்லை. இரண்டு அறிவும் ஒரு தலைக்குள்ளோ ஓர் அறைக்குள்ளோ சந்தித்திருக்கவில்லை. முழங்கைக்குக் கீழே சில தசைகள் எப்போதும் தப்பிக்கின்றன என்பது பரிசோதனைகளில் தெரிந்ததும், நல்ல தசையின் தசைநாணை எடுத்துச் செயலற்ற விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவைச் சிகிச்சை 1948 வாக்கில் தொடங்கியது. சில தசைகள் மட்டும் ஏன் சாகின்றன என்பதற்கும் தடயம் கிடைத்தது: இறந்த நோயாளி ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது, நரம்புகள் தோலுக்கு அருகே ஓடும் முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் இடங்களில்தான் வீங்கியிருந்தன.

கை சரியாகியும் பிரச்சினை தீரவில்லை. விரல்கள் தொடர்ந்து காயப்பட்டன, குறைந்துகொண்டே வந்தன. தொழுநோயாளியின் சதையே கெட்ட சதை, அது தானாக அழுகி உதிரும் என்று மருத்துவர்களும் நம்பிய காலம் அது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டை பிராண்டால் திறக்க முடியாமல் போக, நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருகித் திறந்தான். பார்த்தால் விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்தது, அவனுக்கு அது தெரியவே இல்லை. சதை கெட்டதல்ல, வலி இல்லாததுதான் கேடு என்ற எண்ணம் இப்படி வலுத்தது. ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும். 1951இல் சி.எம்.சி. கல்லூரி வளாகத்தில் நோயாளிகள் தங்கித் தொழில் கற்கும் நவஜீவ நிலையம் உருவானது. அங்கே ஒவ்வொரு புதுக் காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சூடான டம்ளர், விளக்கின் கண்ணாடி, கருவியின் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகக் காரணம் கிடைத்தது. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இரவில் முழுசாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. நோயாளிகளே ராத்திரி விழித்துக் காவல் இருந்து கண்டுபிடித்தார்கள், எலி. உறங்குகிறவரின் விரலை எலி கடித்தாலும் அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பூனை வளர்ப்பதும் சிகிச்சையில் சேர்ந்துகொண்டது.

எந்த மருத்துவரும் மேசையில் தனியாக உட்கார்ந்து எலியை யோசித்திருக்க மாட்டார். இங்கே குழு என்பது ஒரே கயிற்றை எட்டுப் பேர் இழுப்பது இல்லை. ஒவ்வொருவரிடமும் மற்றவரிடம் இல்லாத ஒரு துண்டு இருக்கிறது. ஆனால் துண்டு இருந்தால் மட்டும் போதாது. 1985இல் கரோல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் நால்வர் குழுக்களிடம் சில வேட்பாளர்களைப் பற்றிய தகவல்களைக் கொடுத்து, நல்லவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சில தகவல்கள் எல்லோருக்கும் தெரியும், சில ஒருவருக்கு மட்டுமே தெரியும். நால்வர் தகவலையும் சேர்த்தால் யார் சிறந்தவர் என்பது தெளிவு. ஆனால் குழுக்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசின, தனித் துண்டுகள் வெளியே வரவில்லை, தவறான ஆள் தேர்வானார். வேலூரில் காயத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற ஏற்பாடு, நோயாளி மட்டுமே அறிந்த துண்டைப் பேச்சுக்குக் கொண்டுவந்தது. படிநிலை இறுகிய ஒரு மருத்துவமனையில் இது தானாக நடந்துவிடாது.

கையிலிருந்து காலுக்கு வந்தபோது தோல் தொழில் உள்ளே வந்தது. பாதத்தில் வந்த புண்ணைப் பிளாஸ்டர் கட்டில் போட்டுவைத்தால் ஆறுகிறது என்று 1930களிலேயே இந்தியாவில் ஜோசப் கானும் இலங்கையில் மில்ராய் பாலும் கண்டிருந்தார்கள். கட்டைப் பிரித்து நடந்தால் திரும்ப வந்தது. சதைக்கு ஆறும் திறன் இருக்கிறது, நடையில்தான் கோளாறு என்று அதற்குப் பொருள். நமக்குக் கால் கொஞ்சம் வலித்தாலே அறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறோம், எடையை வேறு இடத்துக்குத் தள்ளுகிறோம். வலி தெரியாத கால் ஒரே இடத்தில் ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை அழுத்தம் வாங்கும். அப்படியானால் மருந்து, செருப்புதான்.

அறுவை மருத்துவருக்கு எலும்பு எங்கே அழுத்துகிறது என்று தெரியும். இயன்முறை மருத்துவருக்கு நடை தெரியும். செருப்புத் தைப்பவருக்கு அடி எங்கே தேயும், எந்தப் பசை தாங்கும் என்று தெரியும். போட்டு நடப்பவருக்கு வயலும் கல்லும் முள்ளும் தெரியும். பல பொருட்களைப் போட்டுப் பார்த்துக் கடைசியில் நிலைத்தது எம்.சி.ஆர். எனப்படும் நுண்ணறை ரப்பர். உள்ளே மிகச் சிறிய காற்றுக் குமிழிகள், ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை. சாதாரண ஸ்பாஞ்ச் அழுத்தினால் தட்டையாகி நின்றுவிடும், இது நசுங்கித் திரும்ப எழும். ரப்பர் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் 15 சுற்றி இருக்க வேண்டும் என்று பிறகு வரையறுத்தார்கள். மென்மை மட்டும் போதாது, முள் ஏறாமலிருக்க அடியில் கெட்டியான சோல் வேண்டும். ஆணி கூடாது. ஆணி மேலே எழும்பினால் நாம் துள்ளுவோம், அந்தக் கால் நாளெல்லாம் அதன் மேலேயே நடக்கும். 1955இல் வேலூருக்கு அருகே தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையம் இந்தக் காலணி வேலையைத் தொடர்ந்தது. பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போய், காயம் தெரியும் முன்பே பாதத்தில் சூடேறும் இடங்களை வெப்பப் படத்தில் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கினார்.

இருவர் சென்னையில் செய்ததையும் பலர் வேலூரில் செய்ததையும் வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாது, இரண்டும் தனித்த கதைகள். 2019இல் லிங்ஃபெய் வூ, டாஷுன் வாங், ஜேம்ஸ் எவன்ஸ் மூவரும் 'நேச்சர்' இதழில் ஒரு பெருங்கணக்கை வெளியிட்டார்கள். 1954 முதல் 2014 வரை வந்த ஆய்வுக் கட்டுரைகள், காப்புரிமைகள், மென்பொருள்கள் சேர்த்து 6.5 கோடிக்கு மேல். ஒரு கட்டுரை புதுப்பாதை போட்டதா, பழைய பாதையை அகலப்படுத்தியதா என்று எப்படி அளப்பது? பின்னால் வருகிறவர்கள் எதை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். அந்தக் கட்டுரையை மட்டும் காட்டி, அதற்கு முந்தைய வேலைகளை விட்டுவிட்டால், அது பழையதை ஓரங்கட்டிவிட்டது. அதையும் அதன் முன்னோடிகளையும் சேர்த்தே காட்டினால், அது வளர்த்தெடுத்திருக்கிறது. சிறிய குழுக்கள் ஓரங்கட்டும் வேலையையும், பெரிய குழுக்கள் வளர்க்கும் வேலையையும் அதிகம் செய்கின்றன. பெரிய குழுவுக்குப் போகிறவர்களே வேறு மாதிரி ஆட்களோ என்று சந்தேகம் வரலாம். ஒரே ஆள் சிறிய குழுவிலும் பெரிய குழுவிலும் எழுதியதை ஒப்பிட்டபோதும் அதே சாய்வு தெரிந்தது. இது சராசரி, ஒவ்வொருவருக்கும் விதி அல்ல. வேலூர்க் குழு சிறியதும் அல்ல, பழையதையே வளர்த்ததும் அல்ல. ஆட்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்ட இந்த ஆய்வு, அவர்கள் எவ்வளவு வேறுபட்டவர்கள் என்பதைக் கணக்கிடவில்லை.

எம்.சி.ஆர். செருப்புக்குப் பின்னால் வேறொரு சிக்கல் முளைத்தது. புண்ணைத் தடுத்தது, ஆனால் ஊரில் அதைக் கண்டாலே தொழுநோயாளி என்று தெரிந்துவிட்டது. கொடுத்த செருப்பை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு வெளியே போனவர்கள் உண்டு. அழுத்தத்தையும் கடினத்தையும் அளந்தவர்களிடம் இந்தத் துண்டு இல்லை, போட்டு நடந்தவர்களிடம் இருந்தது. மற்றவர்கள் போடுவதைப்போலவே தோன்றும் மேற்புறமும் நிறமும் வேண்டும் என்ற நிலை பிறகுதான் வந்தது. இதற்கிடையே நீரிழிவு வந்தது, அதுவும் காலின் உணர்வைக் கொல்லும் நோய், நோயாளிகளின் எண்ணிக்கையோ பல மடங்கு. சென்னையில் ராயபுரத்தில் உள்ள நீரிழிவு மருத்துவமனை ஒன்றும் அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, எம்.சி.ஆர். உள்ளிட்ட உள்ளடிகள் பொருத்திய காலணிகளை நீரிழிவு நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. சாதாரணச் செருப்புப் போட்டவர்களைவிட அவர்களுக்குப் புதுப் புண் மிகக் குறைவாக வந்தது.